வேர்டு கோப்பில் பாதிப் படங்களைக் காணோம்: சிவப்புப் பெருக்கல் குறி, கீற்றாக வெட்டுப்பட்ட படம், வெற்றுக் கட்டம்

நூற்கண்டு எழுதியது:

வணக்கம். இரண்டு நாளாக இதோடு போராடிக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

என் அப்பா நாற்பது வருடம் தையல் மெஷின் பழுது பார்த்தவர். அவர் நோட்டில் எழுதி வைத்ததையெல்லாம் தட்டச்சு செய்து, பாகம் பாகமாகப் புகைப்படம் எடுத்து ஒரு கையேடாக்கி வருகிறேன். 112 பக்கம், 86 படம். ஒரே டாக்எக்ஸ் கோப்பு. பழைய கணினியில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. போன வாரம் புதுக் கணினி வந்தது. கோப்பை பென் டிரைவில் எடுத்துவந்து வேர்டில் திறந்தால் பாதிக்கு மேல் படம் இல்லை.

எண்ணிப் பார்த்தேன். 31 இடங்களில் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட கட்டம். 17 இடங்களில் படம் இருக்கிறது, ஆனால் கீற்றாகத் தெரிகிறது. பாபின் கேஸ் (அடிநூல் கண்டு வைக்கும் சின்னக் கூடு) படத்தில் அதன் அடி விளிம்பு மட்டும் ஒரு வரி உயரத்துக்குத் தெரிகிறது, மேலே உள்ளதெல்லாம் மறைந்துவிட்டது. இன்னும் 4 இடங்களில் கட்டம் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. மிச்சம் 34 படங்கள் நன்றாக இருக்கின்றன.

வேர்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், கணினியை அணைத்துப் போட்டேன், வேறு பெயரில் சேமித்துப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. 86 படத்தையும் முதலிலிருந்து செருக வேண்டுமா? எந்தப் படம் எந்தப் பத்திக்கு என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தான் வைத்தேன். இப்போது அவரால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது.

—

பிழைதிருத்தி எழுதியது:

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கோப்பை மூடிவிட்டு, பென் டிரைவில் இருப்பதை அப்படியே இரண்டு நகல் எடுத்து வையுங்கள். இனி நகலில் மட்டும் கை வையுங்கள். படம் தெரியாத நிலையில் திரும்பத் திரும்பச் சேமிப்பது நல்லதில்லை. மீட்க வாய்ப்புள்ள படமும் அதில் போய்விடலாம். பழைய கணினி இன்னும் வீட்டில் இருந்தால் அதை அழிக்காதீர்கள், யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம்.

அப்புறம் மூன்று கேள்வி.

சிவப்புப் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். அதை ஒரு சொல் விடாமல் அப்படியே எழுதுங்கள். கட்டம் சின்னதாக இருந்தால் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினால் படிக்க முடியும்.

கீற்றாகத் தெரியும் படத்தின் மேல் ஒருமுறை கிளிக் செய்தால் சுற்றி வரும் சட்டம் முழு உயரத்துக்கு வருகிறதா?

படங்களை எப்படிச் செருகினீர்கள்? இன்சர்ட் மெனு வழியாகவா, காப்பி செய்து ஒட்டினீர்களா, வேறு ஏதாவது மென்பொருளில் இடையில் திறந்தீர்களா?

—

நூற்கண்டு எழுதியது:

நகல் எடுத்துவிட்டேன். பழைய கணினியைத் தம்பி எடுத்துப் போய் முழுக்கத் துடைத்துவிட்டான், அது இல்லை. ஆனால் அதன் டி டிரைவில் இருந்த புகைப்படக் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் வாங்கி வைத்திருக்கிறேன்.

31 இடத்திலும் ஒரே வாசகம். 'தி லிங்க்டு இமேஜ் கெனாட் பி டிஸ்ப்ளேடு' என்று தொடங்கி, கோப்பு நகர்த்தப்பட்டிருக்கலாம், பெயர் மாற்றப்பட்டிருக்கலாம் அல்லது அழிக்கப்பட்டிருக்கலாம் என்று போகிறது.

கீற்றுப் படத்தைக் கிளிக் செய்தால் சட்டம் முழு உயரத்துக்கு வருகிறது, மேலே இருக்கும் எழுத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. படம் மட்டும் கீற்றுதான்.

செருகிய விதம் கலவையாக இருக்கிறது. முதலில் இன்சர்ட் வழியாகச் செருகினேன். கோப்பு பெருத்துக்கொண்டே போனதால், இன்சர்ட் பொத்தானின் அம்புக்குறியில் 'லிங்க் டு ஃபைல்' இருக்கிறது, அதைப் போட்டால் கோப்பு சின்னதாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். அதன் பிறகு அப்படியே செய்தேன். அக்கா மின்னஞ்சலில் அனுப்பிய கோட்டோவியங்களை அங்கிருந்தே காப்பி செய்து வேர்டில் ஒட்டினேன். ஒருநாள் நண்பர் கணினியில் வேர்டு இல்லாமல் வேறொரு மென்பொருளில் திறந்து, இரண்டு பத்தி திருத்தி, அதே டாக்எக்ஸாகச் சேமித்தேன்.

—

வரிவடிவம் எழுதியது:

உங்கள் கோப்பில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒரே மருந்து தேடியதால்தான் எதற்கும் அசையவில்லை. நான் பதினைந்து வருடமாக ஆய்வேடுகளுக்கும் சிறு நூல்களுக்கும் பக்கம் வடிவமைத்துத் தருகிறேன். இந்த மூன்றையும் தனித்தனியாக நிறையப் பார்த்திருக்கிறேன். 86 படத்தையும் மறுபடி செருக வேண்டியதில்லை, கவலை வேண்டாம்.

சிவப்புப் பெருக்கல் குறியிலிருந்து தொடங்குவோம். அந்த வாசகத்தில் 'லிங்க்டு' என்ற சொல் இருப்பது முக்கியம். வேர்டு இரண்டு விதமாகச் சொல்லும். 'லிங்க்டு இமேஜ்' என்றால் படம் உங்கள் கோப்புக்குள் எப்போதுமே இருந்ததில்லை, அதன் விலாசம் மட்டும் இருந்தது என்று அர்த்தம். லிங்க்டு என்ற சொல் இல்லாமல், நினைவகம் போதவில்லை அல்லது படம் சிதைந்திருக்கலாம் என்று வந்தால் படம் உள்ளே இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் வேர்டையே நீக்கி நிறுவிய எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

பழைய கணினியில் ஏன் தெரிந்தது? விலாசம் சரியாக இருந்தது. டி டிரைவில் அந்தக் கோப்புறை இருந்தது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வேர்டு அங்கே போய்ப் படத்தை எடுத்து வந்து காட்டியது. திரையில் பார்க்கும்போது உள்ளே இருக்கும் படத்துக்கும் வெளியிலிருந்து வரும் படத்துக்கும் துளி வித்தியாசம் தெரியாது. புதுக் கணினியில் டி டிரைவே இருக்காது என்று நினைக்கிறேன்.

எந்தப் படம் எந்த விலாசத்தைத் தேடுகிறது என்பதைப் பாருங்கள். ஃபைல் மெனுவில் இன்ஃபோ பக்கம் போனால் வலப்பக்கம் கீழே 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' என்று இருக்கும். இணைப்பு உள்ள கோப்பில் மட்டும்தான் அது தோன்றும். திறந்தால் 31 வரிகள் வரும், ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்தால் முழு விலாசம் கீழே தெரியும். அதில் ஒரு பகுதி டி டிரைவைக் காட்டும். இன்னொரு பகுதி டெம்ப் கோப்புறையைக் காட்டும், உள்ளே 'எம்எஸ்ஓஹெச்டிஎம்எல்கிளிப்' என்று தொடங்கும் நீளமான பெயர் இருக்கும். அவைதான் நீங்கள் மின்னஞ்சலிலிருந்து ஒட்டியவை. ஒட்டும்போது வேர்டு அந்தப் படங்களைத் தற்காலிகமாக அங்கே போட்டு வைத்து, விலாசத்தை மட்டும் கோப்பில் எழுதியிருக்கிறது. டெம்ப் கோப்புறை போனதோடு அவையும் போய்விட்டன. அவற்றை அக்காவின் மின்னஞ்சலிலிருந்து தரவிறக்கிப் புதிதாகத்தான் செருக வேண்டும்.

டி டிரைவைக் காட்டுபவற்றுக்கு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொன்றாக விலாசம் மாற்ற வேண்டாம். உங்கள் கணினியில் ஒரு டி டிரைவ் இருப்பதாக விண்டோஸை நம்ப வைத்தால் போதும். சி டிரைவில் ஒரு வெற்றுக் கோப்புறை உண்டாக்கி, பென் டிரைவில் உள்ள புகைப்படக் கோப்புறையை அதற்குள் வையுங்கள். பழைய டி டிரைவில் எந்த அடுக்கில் இருந்ததோ அதே அடுக்கு, அதே பெயர். பிறகு கமாண்ட் பிராம்ப்டை (கட்டளை தட்டச்சு செய்யும் கறுப்புச் சாளரம்) திறந்து சப்ஸ்ட் என்ற கட்டளையைக் கொடுங்கள். முதலில் சப்ஸ்ட், ஓர் இடைவெளி, டி எழுத்தும் முக்காற்புள்ளியும், ஓர் இடைவெளி, பிறகு சி டிரைவில் நீங்கள் உண்டாக்கிய கோப்புறையின் முழு விலாசம். என்டர் தட்டியதும் எக்ஸ்புளோரரில் டி டிரைவ் வந்து நிற்கும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறக்காதீர்கள், சாதாரணமாகவே திறங்கள். நிர்வாகியாகத் திறந்து கொடுத்தால் அந்த டிரைவ் வேர்டின் கண்ணுக்குத் தெரியாது. கணினியை அணைத்தால் இந்த டிரைவ் மறைந்துவிடும், அதனால் ஒரே மூச்சில் வேலையை முடியுங்கள்.

பென் டிரைவுக்கே டி என்ற எழுத்து கிடைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் சப்ஸ்ட் மறுக்கும்.

இப்போது நகலைத் திறங்கள். படங்கள் வந்துவிடும். மேலே மஞ்சள் பட்டையில் 'எனேபிள் எடிட்டிங்' என்று கேட்டால் அதை அழுத்திய பிறகுதான் வெளிப்படங்கள் வரும். வந்த கையோடு மறுபடி எடிட் லிங்க்ஸ் போய், டி டிரைவைக் காட்டும் வரிகளைத் தேர்ந்தெடுத்து, 'சேவ் பிக்சர் இன் டாக்குமென்ட்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, பிறகு 'பிரேக் லிங்க்' கொடுங்கள். படம் கோப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடும். டெம்ப் வரிகளுக்கு மட்டும் பிரேக் லிங்க் கொடுக்காதீர்கள். படம் வராத நிலையில் இணைப்பை முறித்தால் பெருக்கல் குறிதான் நிலைக்கும், எந்தப் படம் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க இருக்கும் ஒரே துப்பான விலாசமும் போய்விடும்.

இனி கீற்றுப் படங்கள். இதற்குக் காரணம் படத்தில் இல்லை, பத்தியில் இருக்கிறது. கையேட்டில் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்திருப்பீர்கள். தமிழ் வரிக்கு நடுவே ஆங்கிலப் பெயரோ எண்ணோ வந்தால் எழுத்துரு மாறும், அந்த வரி மட்டும் உயரம் கூடும், பக்கம் ஏறி இறங்கித் தெரியும். அதைச் சமன் செய்ய எல்லோரும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எக்ஸாக்ட்லி 18 புள்ளி என்று போட்டுவிடுவார்கள். வரிக்குள் வைத்த படம் வேர்டின் கணக்கில் ஒரு பெரிய எழுத்து, அவ்வளவுதான். வரியின் உயரம் 18 புள்ளிதான் என்று நீங்கள் கட்டளை போட்டுவிட்டால் அந்தப் பெரிய எழுத்தின் அடிப்பகுதி 18 புள்ளி மட்டும் தெரியும். பாபின் கேஸின் அடி விளிம்பு தெரிகிறது என்று நீங்கள் எழுதியதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

ஒவ்வொரு படமாகப் போக வேண்டாம். 'படப்பத்தி' என்று ஒரு புதிய ஸ்டைல் உண்டாக்குங்கள். வரி இடைவெளி 'சிங்கிள்', நடுவாக்கம், கீழே கொஞ்சம் இடம். பிறகு ரீப்ளேஸ் பெட்டியைத் திறந்து, மோர் அழுத்தி, தேடும் கட்டத்தில் ஸ்பெஷல் பட்டியலிலிருந்து 'கிராஃபிக்' தேர்ந்தெடுங்கள். மாற்றும் கட்டத்தில் அதே ஸ்பெஷல் பட்டியலிலிருந்து 'ஃபைண்ட் வாட் டெக்ஸ்ட்' தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் வழியாகப் படப்பத்தி ஸ்டைலைச் சேருங்கள். ரீப்ளேஸ் ஆல். வரிக்குள் இருக்கும் எல்லாப் படங்களுக்கும் ஒரே தட்டில் ஸ்டைல் மாறிவிடும். படமும் எழுத்தும் ஒரே பத்தியில் இருந்தால் அந்த எழுத்தும் நடுவுக்குப் போகும், அதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு வெற்றுக் கட்டங்களைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது. கோப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதைத் திறமூலம் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

—

திறமூலம் எழுதியது:

டாக்எக்ஸ் என்பது ஒரு ஜிப் மூட்டை. 2007 வேர்டிலிருந்து இப்படித்தான். நோட்பேடில் திறந்து பார்த்தால் முதல் இரண்டு எழுத்து பிகே என்று இருக்கும். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்து அது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் ஓடிடி (ODT) கோப்பும் ஜிப்தான், உள் அறைகளின் பெயர்தான் வேறு.

நகலின் கடைசி நீட்சியை டாக்எக்ஸிலிருந்து ஜிப் என்று மாற்றி, விரித்துப் பாருங்கள். நீட்சி தெரியவில்லை என்றால் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவில் கோப்பு நீட்சிகளைக் காட்டச் சொல்லுங்கள். விரித்ததும் வேர்டு என்று ஒரு கோப்புறை, அதற்குள் மீடியா என்று ஒன்று இருக்கும். கோப்புக்குள் உண்மையாகவே இருக்கும் படங்கள் அவ்வளவும் அங்கே இமேஜ்1, இமேஜ்2 என்று வரிசையாக இருக்கும். உங்கள் கணக்குப்படி 86இல் 31 வெளியே போக 55 இருக்க வேண்டும். எண்ணுங்கள். அளவு வாரியாக அடுக்குங்கள். நாலு படங்கள் 0 பைட் என்று மேலே வந்து நின்றால் அவை போனவை. இடையில் வேறு மென்பொருளில் சேமித்தபோது பெயர் மட்டும் எழுதப்பட்டு உள்ளடக்கம் எழுதப்படாமல் போயிருக்கும்.

0 பைட் இல்லாமல் அளவு இருந்தும் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை. அந்தப் படத்தை ஒரு ஹெக்ஸ் வியூவரில் (கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் மென்பொருள்) திறந்து தொடக்க பைட்டுகளைப் பாருங்கள். ஜேபெக் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும், பிஎன்ஜி என்றால் 89 50 4இ 47. நீட்சி ஒன்றும் உள்ளடக்கம் வேறொன்றுமாக இருந்தால் சரியான நீட்சியைப் போட்டதும் வெளியே திறந்துவிடும்.

வெளி இணைப்புகளையும் இங்கே பார்க்கலாம். வேர்டு கோப்புறைக்குள் ரெல்ஸ் என்ற உள் கோப்புறையில் டாக்குமென்ட் எக்ஸ்எம்எல் ரெல்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி. உள்ளே இருக்கும் படத்துக்கு மீடியா என்று தொடங்கும் விலாசம், வெளியே இருப்பதற்கு முழு விலாசமும் டார்கெட்மோடு எக்ஸ்டர்னல் என்ற குறிப்பும் இருக்கும். வரிவடிவம் சொன்ன பட்டியலின் மூலம் இதுதான். இந்த வரிகளை ஒரு தனிக் கோப்பில் காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கை கொடுக்கும்.

0 பைட் படத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது, அதில் மீட்க ஒன்றுமில்லை. பிரதியைத்தான் தேட வேண்டும். இந்தக் கையேட்டை எப்போதாவது பிடிஎஃப் ஆக்கி யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா? அனுப்பியிருந்தால் படங்கள் அதற்குள் இருக்கும். லிப்ரே ஆபீஸ் டிராவில் பிடிஎஃப்பைத் திறந்து, படத்தின் மேல் வலது கிளிக் செய்து சேமிக்கலாம். திரையைப் படம் பிடித்து வெட்டுவதைவிட இது எவ்வளவோ மேல், பிடிஎஃப்பில் இருக்கும் முழு அளவும் கிடைக்கும். கட்டளை வரி பழக்கமிருந்தால் பாப்ளர் தொகுப்பில் பிடிஎஃப்இமேஜஸ் என்ற கருவி எல்லாப் படங்களையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டர் பயன்படுத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: அங்கேயும் படம் செருகும் பெட்டியில் லிங்க் என்று ஒரு டிக் கட்டம் உண்டு. அது தெரியாமல் விழுந்திருந்தால் இதே கதைதான். எடிட் மெனுவில் வெளி இணைப்புகளுக்கான பட்டியல் இருக்கிறது, பிரேக் லிங்க் கொடுத்தால் படம் உள்ளே வந்துவிடும்.

—

அச்சுக்கோல் எழுதியது:

எனக்கும் ஒருமுறை எல்லாப் படமும் வெற்றுக் கட்டமாகத் தெரிந்தது, ஆனால் அச்செடுத்தால் சரியாக வந்தது. ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் 'ஷோ பிக்சர் பிளேஸ்ஹோல்டர்ஸ்' என்ற டிக் விழுந்திருந்தது. எடுத்ததும் வந்துவிட்டது. நூற்கண்டுக்கு நாலு மட்டும் போனதால் இது காரணமில்லை. இதே தலைப்பைத் தேடி வருகிற வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

—

நூற்கண்டு எழுதியது:

இன்று காலை தொடங்கி இப்போதுதான் எழுந்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எடிட் லிங்க்ஸில் 31 வரி. 22 டி டிரைவ், 9 டெம்ப் கோப்புறை. ஒன்பதும் அக்கா அனுப்பிய ஓவியங்கள். வரிவடிவம் பார்க்காமலே சொன்னது அப்படியே இருந்தது.

சப்ஸ்ட் முதல் தடவை வேலை செய்யவில்லை. டி டிரைவ் வந்தது, படம் வரவில்லை. அரை மணி நேரம் முழித்தேன். பிறகு ரெல்ஸ் கோப்பில் இருந்த விலாசத்தையும் என் கோப்புறையையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். பழைய கணினியில் புகைப்படக் கோப்புறை 'கையேடு' என்ற இன்னொரு கோப்புறைக்குள் இருந்திருக்கிறது. பென் டிரைவில் வாங்கும்போது உள்கோப்புறையை மட்டும் வாங்கியிருக்கிறேன். 'கையேடு' என்று ஒன்றை உண்டாக்கி அதற்குள் வைத்துத் திறந்ததும் 21 படம் வந்து நின்றன. அந்த நேரம் இருந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் வரவில்லை, ஃபீட் டாக் (துணியை நகர்த்தும் பல்) தேய்ந்த படம். அந்தப் புகைப்படத்துக்கு நடுவில் பெயர் மாற்றியிருக்கிறேன். எடிட் லிங்க்ஸில் 'சேஞ்ச் சோர்ஸ்' கொடுத்து அதைக் காட்டியதும் வந்துவிட்டது. 22க்கும் டிக் போட்டு இணைப்பை முறித்தேன். சேமித்து மூடி, கணினியை அணைத்துப் போட்டு, டி டிரைவ் இல்லாமலே திறந்து பார்த்தேன். எல்லாம் இருக்கிறது.

17 கீற்றுகளும் படப்பத்தி ஸ்டைலில் ஒரே தட்டில் நிமிர்ந்தன. எக்ஸாக்ட்லி 18 என்பதும் உண்மைதான், நானே போட்டது. பாகங்களின் பெயர் வரும் வரிகள் தூக்கித் தெரிந்தன என்பதால்தான் போட்டேன்.

மீடியா கோப்புறையில் 55 படம், அதில் 4 படம் 0 பைட். திறமூலம் சொன்னதுபோல் மேலே வரிசையாக நின்றன. மூன்றுக்கு மூலப் புகைப்படம் என்னிடமே இருக்கிறது. நாலாவதுதான் இல்லை. 74ஆம் பக்கத்தில், ஊசி கீழிறங்கித் திரும்பி ஏறத் தொடங்கும்போது ஷட்டிலின் கொக்கி முனை நூல் வளையத்தைப் பிடிக்கிற இடம். அப்பா சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி, அந்த இடத்தில் நிறுத்திப் பிடித்துக்கொள்ள, நான் எடுத்தது. அவர் விரல் சக்கரத்தின் மேல் தெரியும். மறுபடி எடுக்கலாம், ஆனால் இப்போது அவர் கை நடுங்குகிறது.

மார்ச்சில் அக்காவுக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தேன். அதில் இந்தப் படம் இருக்கிறது. டிராவில் திறந்து எடுத்தேன், 640 பிக்சல் அகலம்தான் வருகிறது. கையேட்டில் மற்ற படங்கள் 12 செ.மீ. அகலம். இதைப் பெரிதாக்கினால் கொக்கி முனை மங்குகிறது. ஏதாவது செய்ய முடியுமா?

இன்னொன்று, எல்லாப் படமும் உள்ளே வந்ததும் கோப்பு 300 எம்பியைத் தாண்டிவிட்டது. அதற்குப் பயந்துதான் முதலில் லிங்க் போட்டேன்.

—

வரிவடிவம் எழுதியது:

விலாசத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டீர்களே, அதுதான் சரியான வேலை. பெரும்பாலானோர் அந்த இடத்தில் விட்டுவிடுவார்கள்.

74ஆம் பக்கப் படத்துக்கு வருகிறேன். 640 பிக்சலை 12 செ.மீ. அகலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 135 புள்ளி வரும், அச்சில் மங்கலாகத்தான் இருக்கும். அதையே 6 செ.மீ. அகலத்தில் வைத்தால் ஏறத்தாழ 270 புள்ளி, தெளிவாக அச்சாகும். படத்தைப் பெரிதாக்கும் கருவிகளுக்குப் போகாதீர்கள். அவை இல்லாத விளிம்பைக் கற்பனை செய்து வரையும். கொக்கி முனை எங்கே நிற்கிறது என்பதுதான் அந்தப் படத்தின் விஷயமே, அதில் கற்பனை கலக்கக் கூடாது. படத்தை 6 செ.மீ. அளவில் இடப்பக்கம் வைத்து, வலப்பக்கம் அக்காவைக் கொண்டு அதே இடத்தின் கோட்டோவியம் ஒன்று பெரிதாக வரைந்து வையுங்கள். இரண்டு கட்டம் உள்ள ஓர் அட்டவணை போட்டு அதற்குள் இரண்டையும் வைத்து, கோட்டை மறைத்துவிட்டால் நகராது.

அந்த பிடிஎஃப்பை யாராவது பெரிய அளவில் சேமித்து வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நீங்கள் வேர்டில் 'மினிமம் சைஸ்' தேர்ந்தெடுத்திருந்தால் படங்கள் சுருங்கியிருக்கும். 'ஸ்டாண்டர்டு' வைத்து வேறு எப்போதாவது எடுத்திருந்தால் அதில் இன்னும் பெரிதாகக் கிடைக்கும்.

300 எம்பிக்குக் காரணம் கைப்பேசிப் புகைப்படங்களை அப்படியே செருகியது. ஒரு படம் 4000 பிக்சல் அகலம் இருக்கும். 12 செ.மீ. அகலத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி அச்சுக்கு 1417 பிக்சல் போதும். ஒரு 1500 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செருகுவதற்கு முன்னால் படங்களின் நகலை அந்த அகலத்துக்குக் குறைத்துவிட்டு, மூலப் படத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துவது என் வழக்கம். ஏற்கெனவே செருகியவற்றுக்கு, ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துப் பிக்சர் ஃபார்மேட்டில் 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' போய், இந்தப் படத்துக்கு மட்டும் என்ற டிக்கை எடுத்துவிட்டு, 330 பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) தேர்ந்தெடுங்கள். 220 திரைக்கும் வீட்டு அச்சுக்கும் போதும், ஆனால் நூல் வளையம் போல மெல்லிய விஷயம் இருக்கும் படங்களுக்கு நான் 330க்குக் கீழே இறங்க மாட்டேன். அதே பெட்டியில் வெட்டிய பகுதியை அழிக்கச் சொல்லும் டிக் இருக்கும். பின்னால் படத்தின் சட்டத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இதையும் நகலில்தான் செய்ய வேண்டும், சுருக்கியதைத் திரும்ப விரிக்க முடியாது.

சுருக்கிய பிறகு, ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, 'இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி' என்ற இடத்தில் இந்தக் கோப்புக்கு மட்டும் 'டு நாட் கம்ப்ரெஸ்' டிக் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் வேர்டு தன் இஷ்டத்துக்கு 220க்கு இறக்கலாம்.

—

பிழைதிருத்தி எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அதே அட்வான்ஸ்டு பகுதியில் கீழே சேவ் என்ற தலைப்பில் 'ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி' இருக்கிறது. அதைப் போட்டு வைத்தால் முந்தைய சேமிப்பு எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். வாரம் ஒருமுறை தேதி போட்ட ஒரு நகலும், ஸ்டாண்டர்டு அளவில் ஒரு பிடிஎஃப்பும் எடுத்து வேறொரு இடத்தில் வையுங்கள். வேறு மென்பொருளில் திறக்க நேர்ந்தால் வேறு பெயரில் சேமியுங்கள்.

—

நூற்கண்டு எழுதியது:

330க்குச் சுருக்கியதும் கோப்பு 61 எம்பி ஆகிவிட்டது. அக்காவின் ஒன்பது ஓவியங்களையும் தரவிறக்கி இன்சர்ட் வழியாகவே செருகினேன். பெருக்கல் குறி ஒன்றுகூட இல்லை.

74ஆம் பக்கத்தில் அட்டவணை போட்டு, இடப்பக்கம் 6 செ.மீ. படம், வலப்பக்கம் கோட்டோவியத்துக்கு இடம் விட்டேன். ஒரு தாளில் அச்செடுத்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, படத்தில் கொக்கி முனை சரியாகத் தெரிகிறது, ஓவியம் வரையும்போது முனை ஊசியின் கண்ணுக்குச் சற்று மேலே வர வேண்டும், மறந்துவிடாதே என்றார். அக்காவுக்கு அதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். வந்ததும் செருகிவிட்டு இங்கே சொல்கிறேன். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.